ஏழா, மூணா?

போன வாரம் நம்ம பசங்க எல்லாம் கல்ச்சுரல்ஸ்ல ஆடிட்டு இருந்தப்போ, நான் சிங்காநல்லூர் குளத்தங்கரையில டீ வடிகட்டியோட நின்னுட்டு இருந்தேன். சிரிக்காதீங்க, மேட்டர் சீரியஸ்.

குளத்தோரம் பறக்கிற ஊசித்தட்டானோட நெஞ்சுக்கு அடியில உத்துப் பாருங்க. சில சமயம் சிவப்பா குட்டிக் குட்டி மணி ஒட்டியிருக்கும். தட்டானோட முட்டைன்னுதான் நான் நினைச்சிருந்தேன். அது நன்னீர் உண்ணியோட குஞ்சு! மழை பெஞ்சதும் காட்டுல ஊருமே வெல்வெட் பூச்சி, அதுக்குப் பங்காளி. ஆறு காலோட தட்டான்மேல தொத்திச் சாறு உறிஞ்சிட்டு, தண்ணிக்குத் திரும்பி எட்டுக் காலோட வளரும்.

விலங்கியல் படிக்கிற பக்கத்து வீட்டு அக்காவோட ப்ராஜெக்ட்டுக்கு இதை எண்ணித் தர்றேன்னு வாயை விட்டுட்டேன். மெக்கானிக்கல்காரன் இல்லையா? நீளம், நிறம், வால்னு எக்ஸெல்ல கட்டம் போட்டு, 'ஏழு இனம்'னு நீட்டினேன். இத்தனை இனம் இருக்கிறதால குளம் நல்லாயிருக்குன்னு ஒரு வரி வேற.

அக்கா மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டு, "ஏங்கண்ணு, மாப்பிள்ளையையும் பொண்ணையும் வேற வேற இனமா எழுதிட்டியே!"ன்னாங்க.

அரெனூரஸ்னு ஒரு வகை. ஆணுக்குப் பின்னால வால் மாதிரி நீண்டிருக்கும். பெண் உருண்டை. வில்லங்கம் என்னன்னா, வேற வேற இனத்துப் பெண்களும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பெரும்பாலும் ஆணோட வாலை வெச்சுத்தான் இனத்தையே சொல்ல முடியும். முட்டை சுமக்கிறது குண்டா இருக்கும். இப்பதான் தோலுரிச்சு வந்தது வெளுத்துப்போய் மெத்துன்னு இருக்கும். குஞ்சுக்கும் தாய்க்கும் சாடையே கிடையாது. ஸ்பானர் செட்ல பத்தாம் நம்பர்னா பத்துதான். இங்க அது நடக்காதுங்க.

அடுத்த கூத்து, எல்லாத்தையும் ஆல்கஹால்ல போட்டது. நிறம் போச்சு, உடம்பும் விறைச்சுப் போச்சு. உருவம் பார்க்க கிளிசரின், அசிட்டிக் ஆசிட், தண்ணி கலந்த கோனிக் திரவம்தான் சரி. ஆனா டி.என்.ஏ. பார்க்கணும்னா அந்த ஆசிட் ஆகாது, ஆல்கஹால்தான் வேணும். ஒரே பாட்டில்ல ரெண்டும் நடக்காது. உலகம் முழுக்க 6,000 இனத்துக்கு மேல பேர் வெச்சிருக்காங்க. நம்ம நாட்டு நீர் உண்ணிகளைப் பத்தி மட்டுமே டேவிட் குக்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் 1967-ல ஒரு தடி புத்தகம் போட்டிருக்கார். மனுஷனுக்கு என்ன பொறுமை!

கடைசியில ஏழு மூணாச்சு. 'குளம் நல்லாயிருக்கு' வரியை நானே அழிச்சேன். எதுலயும் சேராத ஒரு உருண்டை மிச்சம். அக்கா லேபிள்ல 'அரெனூரஸ், பெண்'னு மட்டும் எழுதி மூடியை இறுக்கிட்டாங்க. அதுக்கு ஜோடி தேடி ஞாயித்துக்கிழமை மறுபடி குளத்துக்குப் போறோம். வடிகட்டி எங்கேன்னு எங்கம்மா கேட்டா, நீங்க பார்க்கலைன்னு சொல்லிடுங்க.