இல்லாததும் சுழியும் ஒன்றா?



எங்கள் தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முகப்பைக் கடந்தால் வளவு. அதைக் கடந்தால் இரண்டாங்கட்டு. அதற்கும் அப்பால் அடுப்படி. வாசலில் நின்றபடியே அடுப்படிப் பாத்திரத்தை எடுத்துவிட முடியாது. ஒவ்வொரு கட்டாகக் கடந்துதான் போக வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியிலும் தகவல்கள் இவ்வாறே ஒன்றனுள் ஒன்றாக வைக்கப்படுகின்றன. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய மொழி இது. 2018-இல் வெளிவந்த நமது பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலிலும் இடம்பெற்றது. இதில் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். வீடு.வளவு.அறை என்று எழுதினால், வீட்டினுள் வளவு, வளவினுள் அறை என்று பொருள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிலைவாசல் எனலாம்.

வீட்டில் இரண்டாங்கட்டே இல்லை என்று வைத்துக்கொள்வோம். வீடு.இரண்டாங்கட்டு என்று கேட்டால், 'வரையறுக்கப்படவில்லை' என்று கணினி அமைதியாக விடை தரும். ஆனால் வீடு.இரண்டாங்கட்டு.அடுப்படி என்று கேட்டால், நிரல் பிழை காட்டி நின்றுவிடும். இல்லாத கட்டினுள் எதைத் தேடுவது? இந்தத் தொல்லைக்காக 2020-இல் ஒரு புதிய குறி வந்தது. வீடு?.இரண்டாங்கட்டு?.அடுப்படி என்று எழுதினால், 'இருந்தால் உள்ளே போ, இல்லாவிட்டால் திரும்பி வா' என்று பொருள். நல்ல வசதிதான். ஆனால் இதை எல்லா இடத்திலும் தூவுவது தவறு என்பதே என் கருத்து.

காரணம் சொல்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஐந்து குழுக்கள் ஒரு மீட்டர் நீள ஊசலின் 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்தன. நான்கு குழுக்களின் அளவுகள் 40.2, 40.0, 39.8, 40.1 வினாடிகள். ஐந்தாம் குழு பதிவு செய்யவில்லை. சராசரி காண நிரல் எழுதிய மாணவர், அது அடிக்கடி நின்றுபோகவே, குழு?.ஊசல்?.நேரம் ?? 0 என்று மாற்றினார். 'இல்லாவிட்டால் சுழி என்று கொள்' என்பது இதன் பொருள். நிரல் தடையின்றி ஓடியது. ஆனால் சராசரி 40.025-க்குப் பதிலாக 32.02 ஆயிற்று. ஈர்ப்பு முடுக்கமோ 9.86-க்குப் பதிலாக 15.4 மீ/வி² என்று வந்தது!

ஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு நமக்கு முன்பே தெரியும்; ஆகவே பிழை அகப்பட்டது. விடை தெரியாத கணக்காக இருந்தால் என்ன ஆகும்? மழைமானி பழுதான நாளும் மழையே பெய்யாத நாளும் ஒன்றா? கண்மாயை நம்பி வாழும் நம் சீமையில் இவ்விரண்டையும் குழப்பினால் விளைவு என்ன என்று எண்ணிப் பாருங்கள். நின்றுபோன நிரல், 'இங்கே ஏதோ குறைகிறது' என்று நமக்குச் சொல்கிறது. அதன் வாயை அடைத்துவிட்டால் குறை தீராது, மறைந்துதான் போகும்.

மதிப்பை எழுதும்போது இன்னும் கவனம் தேவை. சமக்குறியின் இடப்பக்கத்தில் அந்தக் கேள்விக்குறியை மொழியே அனுமதிப்பதில்லை. முதலில் கட்டைக் கட்ட வேண்டும். பிறகுதான் அதனுள் பொருளை வைக்கலாம். மற்றொரு ஆபத்தும் உண்டு. வீடு.வளவு என்பதற்குப் பதில் வீடு.வழவு என்று எழுதி ஒரு மதிப்பைத் தந்தால், கணினி பொதுவாகக் கண்டிக்காது. அந்தப் பெயரில் புதிதாக ஓர் இடத்தையே திறந்துவிடும். நீங்கள் பழைய வளவில் பொருளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்!

ஆகவே, இல்லாமல் இருப்பது இயல்பேயானால் கேள்விக்குறியிட்டுக் கேளுங்கள். கட்டாயம் இருக்க வேண்டியது இல்லையென்றால், நிரல் நிற்கட்டும். ஏன் இல்லை என்று தேடுங்கள். ஆய்வு ஏட்டில் அளக்காத கட்டத்தை வெறுமையாக விடுவதும், சுழி என்று எழுதாததும் அறிவியலின் நேர்மை. கணினியிலும் அதே நேர்மை வேண்டும் அல்லவா?