துப்பாக்கியை ஒப்படைத்த பிறகு

முன்னாள் ராணுவத்தினர் என்றாலே 'ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், சொன்னதைச் செய்பவர்' என்று ஒரு சான்றிதழ் தயாராக இருக்கிறது. வேலைக்கு எடுக்கும் முதலாளிகள் அதைச் சொல்கிறார்கள். மேடையில் பொன்னாடை போர்த்துகிறவர்களும் சொல்கிறார்கள். 17 ஆண்டுகள் படையில் இருந்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். சொன்னதைச் செய்வதற்கு சேரி மக்களுக்கு ராணுவப் பயிற்சி தேவைப்பட்டதே இல்லை. அதை ஊர்த்தெரு பல நூற்றாண்டுகளாக அடித்தே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ராணுவம் தலித்துகளுக்குக் கொடுத்தது வேறு: எழுத்து, பணமாகக் கைக்கு வந்த ஓய்வூதியம், ஊராரின் தயவு இல்லாமல் வாழ ஒரு வழி. மகாராஷ்டிரத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஒவ்வொரு சனவரி 1 அன்றும் கோரேகான் தூணைப் பற்றி எழுதுகிறோம். 1818 போரில் மடிந்த மகர் வீரர்கள் 22 பேரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுத வேண்டியதுதான். ஆனால், தாபோலியைப் பற்றி எத்தனை பேர் எழுதுகிறோம்? கொங்கணத்தில் உள்ள அந்தச் சிற்றூரில் ஓய்வுபெற்ற மகர் சிப்பாய்கள் பலர் குடியேறினார்கள். 1886இல் படையிலிருந்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வலங்கரும் அவர்களில் ஒருவர். ஜோதிராவ் புலேயின் கருத்துகளை உள்வாங்கியிருந்த அவர், 1888இல் தீண்டாமையை எதிர்த்து 'விடல் வித்வன்சக்' என்ற சிறு நூலைக் கொண்டுவந்தார். நூல் முழுக்க சாதி இந்துக்களை நோக்கிய கேள்விகள். 1895இல் மகாட் தாலுகா உள்ளாட்சிக் குழுவில் அவரை உறுப்பினராக்கியபோது, அவரோடு சமமாக உட்கார முடியாது என்று சாதி இந்து உறுப்பினர்கள் எதிர்ப்பு தெரிவித்தார்கள். ராணுவம் தந்த எழுத்து, ராணுவமே எதிர்பாராத வேலையைச் செய்த இடம் இது.

புரட்சியாளர் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார் மேஜர். அவர் 14 ஆண்டுகள் ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். சிப்பாய்களும் அவர்களுடைய பிள்ளைகளும் படித்தாக வேண்டும் என்ற படை விதிதான் அந்தக் குடும்பத்துக்குள் புத்தகத்தைக் கொண்டுவந்தது. ஓய்வுக்குப் பிறகு ராம்ஜி சத்தாரா மாவட்டத்தில் பஞ்ச நிவாரண ஏரி வேலையில் காசாளராக இருந்தார். அவரைப் பார்க்கத்தான் 1901இல் பிள்ளைகள் ரயிலேறிப் போனார்கள். நல்ல உடையில் இருந்த அந்தச் சிறுவர்கள் மகர்கள் என்று தெரிந்ததும் மசூர் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்ன பிறகும், வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும் என்றுதான் ஏற்பாடானது. வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். சுபேதார் மேஜர் என்ற பதவி படைமுகாமின் வாசல் வரைக்கும்தான் செல்லும்.

முகாமுக்கு உள்ளே மட்டும் சாதி இல்லையா? 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ், 'வீர இனம்' என்ற கதையைக் கொள்கையாக்கினார். 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. சென்னைப் படையில் கணிசமாக இருந்த பறையர்களுக்கும் இடம் சுருங்கியது. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது கதவு மறுபடி திறந்தது. 1941இல் மகர் ரெஜிமென்ட், 1943இல் சமார் ரெஜிமென்ட். போர் முடிந்ததும் 1946இல் சமார் ரெஜிமென்ட்டைக் கலைத்துவிட்டார்கள். என் காலத்திலும் எல்லோரும் ஒரே லங்கரில்தான் சாப்பிட்டோம். அது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவனே இரண்டாவது வாரத்தில் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்டதும் உண்மை.

வெளியே வந்த பின் ஒரு தனியார் கல்லூரியில் காவல் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். என் கீழ் இருந்த காவலர்கள் ஆறு பேரில் நான்கு பேர் சேரிக்காரர்கள். நிர்வாகியின் வீட்டுக்குக் காய்கறி வாங்க, தண்ணீர்க் கேன் தூக்க என்று அந்த நான்கு பேரை மட்டும் அனுப்புவார்கள். படையில் நான் கற்ற ஒரே உருப்படியான பழக்கம், எது நடந்தாலும் பதிவேட்டில் எழுதுவது. எழுதினேன். தேதி, நேரம், யார் சொல்லி யார் எதற்குப் போனார் என்று இரண்டு மாதம் எழுதினேன். பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார்கள். பக்க எண் அச்சிட்ட நோட்டு, கிழித்தால் தெரியும் என்றேன். 'மிலிட்டரிக்காரர் சொன்னால் கேட்பார் என்று நினைத்தோம்' என்றார் நிர்வாகி. அடுத்த மாதம் முதல் எனக்கு இரவுப் பணி மட்டும்தான். ஆனால் காய்கறி வாங்க அனுப்புவது நின்றது.

முதலாளிகளுக்கு வேண்டியது சல்யூட் அடிக்கும் கை. பதிவேடு எழுதும் கை அல்ல. நம்மவர்களிலும் பலர் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு, நகரத்தில் மனை வாங்கி, சேரியை மறந்து, சல்யூட்டை மட்டும் மறக்காமல் வாழ்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. அவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

இனி அந்த ஓய்வூதியமும் இல்லை. 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் 4 ஆண்டுகளுக்குப் பிறகு 25 விழுக்காட்டினர் வரைதான் படையில் தொடர முடியும். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்ச ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும். தாபோலியில் ஒரு தலைமுறையை நிமிர வைத்தது மாதாமாதம் வந்த பணம். மொத்தமாக வரும் தொகையோ அக்கா கல்யாணத்திலும் பழைய கடனிலும் கரைந்துவிடும். காவல் நிறுவனங்கள் வாசலில் காத்திருக்கும்.

நமது இயக்கங்கள் இவர்களை அதற்கு முன்பே சென்று சேர வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினரில் அலுவல்சாரா உறுப்பினர்களுக்கும் அதில் இடம் உண்டு. குழு எப்போது கூடியது, தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை வழக்கில் இழப்பீடு போய்ச் சேர்ந்தது என்று தேதி வாரியாகக் கேட்டு வாங்க, முன்னாள் சிப்பாயைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். எங்கள் மாவட்டத்தில் நாங்கள் மூன்று முன்னாள் சிப்பாய்கள் அந்த உறுப்பினர் இடங்களுக்கு ஆட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறோம். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்திருக்கிறோம்.