குளிசையும் சத்திரசிகிச்சையும்

சென்ற வாரம் பாடம் முடிந்து வகுப்பறையை விட்டு நாம் வெளிவருகையில், மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டான். "உணவிலே குளிசையைக் கலந்து கொடுத்து ஒருவரை மலடாக்கிவிட முடியுமா, ஐயா?" உடனிருந்தோர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. அக்கேள்விக்காக நம் நாடு ஒருமுறை பெருவிலை கொடுத்திருக்கின்றது.

2018-ம் ஆண்டு பெப்ருவரி 26-ம் திகதி இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் கறியிலே கட்டி ஒன்று தென்பட்டது. மலடாக்கும் குளிசை என்று கூக்குரல் எழுந்தது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டியே எனப் பின்னர் அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. சில தினங்களில், வேறொரு சம்பவத்தை அடுத்து, நம் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் தெல்தெனியாவிலும் தீ மூண்டது. ஊரடங்கில் அம்பிட்டியவில் நாம் வீட்டினுள் அடைபட்டிருந்த அந்நாட்களில், கற்றவரும் அக்குளிசைக் கதையை நம்பிப் பேசக் கேட்டோம்.

கருத்தடைக் குளிசை செய்யும் வேலைதான் என்ன? மாதந்தோறும் சூலகத்திலிருந்து சூல் முட்டை வெளிப்படுவதை அதிலுள்ள ஓமோன்கள் தடுக்கின்றன, அவ்வளவே. அதனையும் நாள்தோறும் தவறாது விழுங்கினாற்றான் தடுக்கும். சில நாட்கள் மறந்தாலே காவல் போய்விடும். 1960களின் தொடக்கத்தில் இலங்கைப் பெண்களிடையே இக்குளிசையை ஆராய்வதில் முன்னின்றவர் டாக்டர் சிவா சின்னத்தம்பி என்னும் தமிழ்ப் பெண்மணி. மூன்று மாதத்திற்கொருமுறை போடும் ஊசியும் அத்தகையதே. நிறுத்தியபின் கரு உண்டாகச் சில மாதங்கள் தாமதமாகலாம், அன்றி வேறில்லை. நிரந்தரமாக மலடாக்கும் குளிசை எதனையும் வைத்திய உலகம் கண்டதில்லை.

மாணவனுக்கு இவ்வாறு விடை கூறுகையில், சில ஆண்டுகளுக்குமுன் நம்மிடம் வந்த ஓர் அன்னையின் நினைவு எழுந்தது. அம்பிட்டியவிலிருந்து தலாத்துஓயா வழியே ஹேவாஹெட்டைக்கு ஏறும் பாதையில் பல தேயிலைத் தோட்டங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றில் கொழுந்து பறிப்பவர் அவர். நம் பழைய மாணவன் ஒருவனின் தாய். மூன்றாம் பிரசவத்தின்போது ஓர் ஆஸ்பத்திரியில் தாளிலே கைநாட்டு வாங்கிக் குழாயைக் கட்டிவிட்டனராம். பின்னர் இளைய குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிற்று. "கட்டினதை அவிழ்க்க எங்கே போக வேணும், ஐயா?" என்று வினவினார். கட்டியது அவிழும் என்றே அத்தனை காலமும் எண்ணியிருந்தார். அச்சொல்லே அவரை ஏமாற்றிவிட்டது! மீண்டும் இணைக்கும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டு, பலன் உறுதியன்று. அதை அவரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை.

மாணவன் தற்காலிகமானதை நிரந்தரம் என்று அஞ்சினான். அன்னையோ நிரந்தரமானதைத் தற்காலிகம் என்று நம்பினார்.

இந்நாட்டில் 1980களில் சத்திரசிகிச்சை செய்துகொண்டோருக்கு அரசாங்கம் ஐந்நூறு ரூபா வரை கொடுத்து வந்தது. நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்கு அது சிறு தொகையா? பணத்தின் முன் பெற்ற சம்மதத்தை முழுச் சம்மதமென்று நாம் ஏற்கமாட்டோம். மற்றப் பகுதிகளைவிடத் தோட்டப் பகுதியிலேயே இச்சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் மிகுதி எனக் கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன.

இத்தனைக்கும் வேறு வழியில்லாமற் போகவில்லை. 1987-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் எட்டு நாடுகளில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. இலங்கையும் அவற்றுள் ஒன்று. நோர்பிளான்ட் இட்டவர்கள், லூப் வைத்தவர்கள், சத்திரசிகிச்சை செய்தவர்கள் என 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஐந்தாண்டுகள் கவனித்தனர். நோர்பிளான்ட் என்பது மேற்கைத் தோலின்கீழ் அந்நாட்களில் இடப்பட்டு வந்த ஆறு மெல்லிய குழல்கள். அதனை இட்டவருள் கருவுற்றோர் ஆண்டொன்றிற்கு நூற்றுக்கு ஒருவரினும் குறைவு; ஏறத்தாழச் சத்திரசிகிச்சைக்கு நிகரான காவல். வேறுபாடு ஒன்றுதான்: குழல்களை எடுத்துவிட்டால் மீண்டும் தாயாகலாம். பின்னர் வந்த ஜடெல் என்னும் சாதனத்தில் ஆறு குழல்கள் இரண்டு குச்சிகளாகச் சுருங்கின. மாதவிலக்கு ஒழுங்கற்றுப் போதல் இதன் பெருங்குறை. சிலர் அதனாலேயே எடுத்துவிடுகின்றனர். எடுத்துவிடும்படி கேட்கும் உரிமையும் அவர்களுடையதே.

ஊர் தோறும் வரும் குடும்பநல மருத்துவிச்சியிடம் தாய்மார் கேட்க வேண்டியவை சில உண்டு. இதனை நிறுத்தினால் மறுபடி பிள்ளை பிறக்குமா? எத்தனை மாதத்தில்? எடுத்துவிட எங்கே செல்வது? கைநாட்டு வைக்கும் தாளில் என்ன எழுதியிருக்கின்றது? பிரசவ நோவின் நடுவிலன்றி, அதற்குப் பல வாரம் முன்னரே, கணவரும் உடனிருக்கக் கேட்டல் நன்று.

கணவர் என்றதும் நினைவுக்கு வருகின்றது: ஆண்களுக்கான சத்திரசிகிச்சை பெண்களுக்கானதைவிட எளிது, ஆயினும் நம்மிடையே அதனை நாடுவோர் மிகச் சிலரே. அதுபற்றிப் பிறிதொரு வாரம் எழுதுவோம்.