அடையாள அட்டை இலக்கம் கூட்டிக் கழிக்கிற எண் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதென்றால் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

பட்டியலில் பிழை வந்தால் நம் பக்கத்தில் முதலில் வருகிற பதில், "எக்செல் மாத்திப் போட்டுது சேர்." அடுத்த பதில், "டைப் பண்ணின பிள்ளைக்குக் கவனமில்லை." இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். எக்செல் தன் விதிப்படி நடக்கிறது. அந்தப் பிள்ளையும் அநேகமாகச் சரியாகத்தான் அடித்திருக்கும். எந்த நிரலில் எழுத்து, எதில் எண், எதில் திகதி என்று தீர்மானிக்காமல் வெறும் கட்டம் போட்டு, "நாளைக் காலைக்குள் நிரப்பி அனுப்புங்கள்" என்று வட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறவர்களுடைய பிழை இது. அலுவலகம், பாடசாலை, பள்ளிவாசல், கோயில், மரண உதவிச் சங்கம், எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தொலைபேசி இலக்கத்தை எடுங்கள். 077 என்று அடித்தால் 77 என்று நிற்கும். எண்ணுக்கு முன்னால் வரும் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை என்பது எக்செலின் கணக்கு. இதைப் பார்த்தவுடனே பிடித்துவிடலாம். பெரிய ஆபத்து அடையாள அட்டையில் இருக்கிறது.

பழைய இலக்கம் 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். எழுத்து இருப்பதால் எக்செல் அதைத் தொடாது. 2016 முதல் வந்த புதியது முழுக்க 12 இலக்கம். எக்செல் அதைக் கோடிக்கணக்கான பெறுமதி என்று நினைத்து, 2.00862 என்று சுருக்கி, பக்கத்தில் ஈ எழுத்தும் +11 உம் போட்டுக் காட்டும். அந்தக் கோப்பை சி.எஸ்.வி ஆகச் சேமித்தாலோ, அப்படியே வட்ஸ்அப்பில் ஒட்டினாலோ மிஞ்சுவது முதல் 6 இலக்கம்தான். மற்ற ஆறும் போய்விடும், திரும்பி வராது. தாயின் பழைய இலக்கம் தப்பிவிடும், மகளின் புதிய இலக்கம் அழிந்துவிடும்.

புதிய இலக்கத்தின் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 2008 மே 2 இல் பிறந்த பெண் பிள்ளைக்கு 2008623 என்று தொடங்கும். சுருங்கியதை மறுபடி விரித்தால் 200862, பிறகு ஆறு பூச்சியம். அந்த ஆண்டு ஏப்ரல் 24 முதல் மே 3 வரை பிறந்த பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே இலக்கம்தான் வரும். பரீட்சை விண்ணப்பத்திலோ அஸ்வெசும பட்டியலிலோ இப்படிப் போனால் அந்தப் பிள்ளை யார்?

திகதி இன்னும் மோசம். 2020 ஜனவரி 2 இல் பிறந்த பிள்ளைக்கு 02/01/2020 என்று அடிக்கிறோம். கணனி அமெரிக்க முறையில் இருந்தால் அது பெப்ரவரி 1. 2025 ஜனவரி 31 இல் 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்றால், அந்தப் பிள்ளை முதலாம் தரத்துக்கு ஒரு நாள் குறைவு! 13/06/2020 என்பதையோ எக்செல் திகதியாகவே ஏற்காது, 13 ஆம் மாதம் இல்லையே. எழுத்தாக விட்டுவிடும். ஒரே நிரலில் பாதி புரண்டும் பாதி எழுத்தாகவும் நிற்கும், யாருக்கும் தெரியாது.

புள்ளிகளிலும் இதே கதை. பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு 0 போட்டால் சராசரி விழும். வெற்றிடமாக விட்டால் கணக்கில் சேராது. "75 புள்ளி" என்று அடித்தால் அது எழுத்து, கூட்டுத்தொகை அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்.

"இதெல்லாம் பெரிய படிப்பு" என்று சொல்லாதீர்கள். சாதாரண தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் விரிதாள் இருக்கிறது. எழுத்து இடப்பக்கம் ஒட்டும், எண் வலப்பக்கம் ஒட்டும். பிள்ளைகளுக்குத் தெரிந்ததைப் பெரியவர்கள் பார்க்கமாட்டோம் என்கிறோம்.

விஞ்ஞானிகளுக்கும் இது நடந்தது. மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020 இல் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள். நம் பிள்ளைகளின் அடையாள அட்டை இலக்கத்தை அப்படி மாற்ற முடியுமா?

ஆகவே படிவம் அனுப்புகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்:

1. அடையாள அட்டை, தொலைபேசி, சேர்விலக்கம், வங்கிக் கணக்கு, வீட்டு இலக்கம்: இந்த நிரல்களை அனுப்ப முன்னமே "டெக்ஸ்ட்" ஆக்குங்கள். இவற்றை யாரும் கூட்டிப் பெருக்கப்போவதில்லை. நிரப்பிய பிறகு மாற்றினால் போன பூச்சியம் வராது.

2. பிறந்த திகதியை ஆண்டு, மாதம், நாள் என மூன்று நிரலாகக் கேளுங்கள்.

3. அடையாள அட்டை என்றால் 10 அல்லது 12 எழுத்து, தொலைபேசி என்றால் 10. வேறு நீளம் வந்தால் ஏற்காதபடி கட்டுப்பாடு போடுங்கள்.

4. இரண்டு நாளாவது அவகாசம் தாருங்கள்.

நிரப்புகிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒன்று: கலத்தின் மூலையில் பச்சை முக்கோணம் வந்தால் பயந்து "எண்ணாக மாற்று" என்பதை அழுத்தாதீர்கள். உங்கள் இலக்கம் பத்திரமாக எழுத்தாக இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒவ்வொரு மாரிக்கும் வெள்ளப் பட்டியல் எழுதுகிறோம். அடுத்தவர் விபரம் நம் கைக்கு வந்தால் அது அமானிதம். வாங்கியபடியே ஒப்படைக்க வேண்டும். இந்த மாரிக்கு முன்னராவது படிவங்களைத் திருத்துங்கள். களுவாஞ்சிக்குடியில் எந்தச் சங்கம் கேட்டாலும், காசு வாங்காமல் வந்து திருத்தித் தருவேன்.