இடைவெளியை நிரப்புமா சான்றிதழ்?

வேலையை இழந்தோ, குழந்தை வளர்ப்புக்காக விலகியோ சில ஆண்டுகள் வீட்டிலிருந்துவிட்டு மீண்டும் பணி தேடுவோர் பலர், முதல் வேலையாக ஏதேனும் ஓர் இணையவழிப் பயிற்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். என்னிடம் படித்தவர்களும் "எந்தச் சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்கும், ஐயா?" என்றே கேட்கிறார்கள். சான்றிதழின் பெயரைவிட, அதை எப்படி வழங்குகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

பணி இடைவெளிக்குத் தண்டனை உண்டு என்பது உண்மை. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பி நடத்தப்பட்ட ஆய்வொன்று 2013-இல் வெளியானது. வேலையின்றி இருந்த மாதங்கள் கூடக்கூட நேர்காணல் அழைப்புகள் குறைந்தன. முதல் எட்டு மாதங்களில்தான் பெருஞ்சரிவு. வேலையின்மை மிகுந்த நகரங்களில் இத்தண்டனை குறைவாக இருந்தது. ஊரில் பலரும் வேலையின்றி இருக்கையில், இடைவெளி ஒருவரது திறமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை அல்லவா?

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் விளக்கியது இங்கே பொருந்தும். திறமையற்றவருக்குப் பெறக் கடினமாக இருந்தால் மட்டுமே ஒரு சான்று முதலாளிக்குச் செய்தி சொல்லும். காணொளியை ஓடவிட்டாலே எவருக்கும் கிடைக்கும் தாளில் என்ன செய்தி இருக்க முடியும்?

திருச்சியின் கொதிகலன் தொழிலுக்கு நன்கு பழகிய விதி ஒன்றைப் பாருங்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் நெறிமுறைப்படி, ஒரு வெல்டர் தாம் தகுதி பெற்ற முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாதிருந்தால் அந்தத் தகுதி காலாவதியாகும். மீட்க, ஒரே ஒரு சோதனைத் துண்டை வெல்டிங் செய்து காட்டினால் போதும். அது சோதனையில் தேறினால் தகுதி திரும்பிவிடும். மீண்டும் ஒரு படிப்பு இல்லை. ஏன் வேலையில் இல்லை என்ற கேள்வியும் இல்லை. கணக்காளர்களுக்கும் மென்பொருள் சோதனையாளர்களுக்கும் இத்தகைய வசதி எங்கே?

படிப்பே வேண்டாம் என்பதல்ல. 2016-இல் விலகிய கணக்காளருக்கு, அடுத்த ஆண்டு ஜூலையில் வந்த ஜிஎஸ்டி முற்றிலும் புதியது. அவர் அதைப் படித்தே ஆக வேண்டும். ஆனால் கற்றது மறவாத ஒருவரை மூன்று மாதப் பாடத்துக்கு அனுப்புவது பயிற்சி நிலையத்துக்கு மட்டுமே லாபம்.

மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே உள்ள திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் பிரிவு இருக்கிறது. ஆயினும் அது பெரும்பாலும் அமைப்புசாராத் தொழிலாளரை மனத்தில் கொண்டது. அலுவலகப் பணிகளுக்கும் இதை விரிவாக்கலாம். கல்லூரிகளின் கணினிக் கூடங்கள் விடுமுறை நாள்களில் பூட்டித்தானே கிடக்கின்றன? அங்கே ஒரு நாள் செய்முறைத் தேர்வு வைக்கலாம். பிறர் கண்காணிக்க, மாதிரிப் பேரேட்டை முடித்துக் காட்டட்டும். தேர்வுக் கட்டணத்தை வருமானமற்றவர் தலையில் கட்டாமல், தேறியவரைப் பணியமர்த்தும் நிறுவனத்திடம் பின்னர் வசூலிக்கலாம். ஆள் தேர்வுக்கென நிறுவனங்கள் இடைத்தரகர்களுக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது அற்பமே.