கூலிக்கு ஈடு
காஞ்சியில் பிறர் தந்த பட்டு நூலைப் புடவையாக நெய்தவர், வேறு உடன்படிக்கை இல்லாவிடில், கூலி வரும்வரை புடவையைத் தம்மிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு அந்தப் பாத்தியதையை அளிக்கிறது. அதே வீதியில் வீடு கட்டிய கொத்தனாருக்கோ அவ்வித ஈடு கிடையாது. பிறர் மனையில் எழும்பிய வீடு மனைக்காரரைச் சேர்ந்துவிடுகிறது. 3 வருஷத்துக்குள் வியாஜ்யம் தொடுப்பதே அவருக்குள்ள வழி. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரம் எழுந்த காலத்தில், 1791-லேயே, மேரிலாந்து ராஜ்யம் கட்டியவரின் பாக்கிக்குக் கட்டிடத்தையே ஈடாக்கிச் சட்டம் செய்தது. நம் நாட்டிலும் அத்தகைய சட்டம் வேண்டும் என்பது நமது கருத்து. அதுவரையில், வீடு கட்டும் அன்பர்களே, பால் காய்ச்சுமுன் கூலிப் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். கொத்தனார்களே, உடன்படிக்கையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.