பிந்தி எழுதப்படும் கணக்கு

கடைக்காரரின் பேரேட்டில் நம் பெயர் ஏறுவது புதிய செய்தியன்று. பற்று எழுதும் கடைக்காரர் நம் கண்ணெதிரே எழுதுவார். தொகையில் ஐயம் வந்தால் ஏட்டைத் திருப்பிக் காட்டுவார். இன்றோ, நாம் வீடு வந்து, வாங்கிய பொருளையே மறந்த பின்பும் நம் பெயரில் எழுதப்படும் ஏடு ஒன்று உண்டு. இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு மனிதரைப் பற்றி அவரறியாமல் எழுதப்படுவது எதுவாயினும் அது நம் அக்கறைக்குரியதே.

முதலில் இது நடக்கும் விதம். இணையத்தில் விளம்பரத்தைக் கண்ட ஒருவர், நேரில் கடைக்குச் சென்று பொருளை வாங்குகிறார். இணையதளத்தின் வருகைக் கணக்கு அவரைப் பாதி வழியில் தவறவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பவே, கடையில் நடந்த விற்பனையைப் பின்னர் கணக்கில் ஏற்றும் வசதி வந்தது. கூகுள் அனலிட்டிக்ஸின் முந்தைய பதிப்பில், நிகழ்வு 4 மணி நேரத்துக்கு மேல் பிந்தி வந்தால் பதிவாகாமலே போகலாம் என்றிருந்தது. இன்றைய பதிப்பில் 72 மணி நேரம் வரை பின்தேதியிட்டுப் பதியலாம். கூகுள் விளம்பரச் சேவையிலோ, விளம்பரத்தைச் சொடுக்கியதிலிருந்து 90 நாள் வரை விற்பனையை ஏற்றலாம்.

வணிகருக்கு இது நியாயமான தேவைதான். விளம்பரத்துக்குச் செலவிட்ட பணம் விற்பனையாகத் திரும்பியதா என்று அவர் அறிய வேண்டாமா? தாமதத்தின் மீதும் நமக்குக் குறையில்லை. கணக்கில் இருப்பவருக்கு மட்டும் அது தெரியாது என்பதே நம் குறை.

கனடாவில் நடந்ததைப் பாருங்கள். ஒருவர் தம் ஃபேஸ்புக் கணக்கை நீக்கும்போது, ஹோம் டிப்போ கடைகளில் தாம் நேரில் வாங்கியவற்றின் பதிவுகள் அங்கே இருக்கக் கண்டார், முறையிட்டார். தனியுரிமை ஆணையர் ஃபிலிப் டூஃப்ரேன் 2023 ஜனவரியில் விசாரணை முடிவை வெளியிட்டார். மின்னஞ்சலில் ரசீது பெற்றவர்களின் முகவரியைக் குறிமாற்றம் செய்து, வாங்கியவை பற்றிய பொது விவரங்களுடன் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு அந்நிறுவனம் அனுப்பிவந்திருக்கிறது. 2022 அக்டோபரில்தான் அது நின்றது.

நிறுவனம் சொன்ன சமாதானம் சுவையானது. தனியுரிமை அறிக்கை இணையதளத்தில் இருக்கிறது, கேட்டால் கடையிலும் கிடைக்கும், ஆகவே ஒப்புதல் உண்டு என்று கொள்ளலாமாம். கல்லாவிலேயே கேட்டால் வாடிக்கையாளருக்கு ‘ஒப்புதல் சலிப்பு’ வந்துவிடுமாம். ஆணையர் இவற்றை ஏற்கவில்லை. தாள் ரசீதா, மின்னஞ்சல் ரசீதா என்று கேட்க நேரம் இருந்தவர்களுக்கு, இன்னொரு வாக்கியம் சொல்ல நேரமில்லாமற் போனது எப்படி என்று நாமும் கேட்கலாம்.

முகவரியை மறைத்துத்தானே அனுப்புகிறார்கள் என்று சிலர் அமைதி கூறுவர். அந்த அமைதி போதாது. ஒரே முகவரியை இரு தரப்பும் ஒரே முறையில் குறிமாற்றம் செய்தால் ஒரே விடைதான் வரும். ஆளைப் பொருத்துவதற்கு அதுவே போதும். ஆணியும் சாயமும் வாங்கியது தெரிந்தால் என்ன என்றும் கேட்பர். மருந்துக்கடைச் சீட்டுக்கும் அதே வழி திறந்திருக்கிறது என்பதே நம் மறுமொழி.

நம் ஊர்க் கடைகளிலும் பில் போடும்போது கைபேசி எண் கேட்பது வழக்கமாகிவிட்டது. அங்கே நடந்ததே இங்கும் நடக்கிறது என்று நாம் சொல்லவரவில்லை. ஆயினும் 2023இல் இயற்றப்பட்ட நம் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அறிவிப்பு, ஒப்புதல் என்னும் இரண்டையே முதன்மையாகக் கொண்டது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். எண்ணைச் சொல்லுமுன் ‘எதற்கு?’ என்று ஒரு சொல் கேட்பது நம் கடமை. பின்னால் வரிசையில் நிற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். அவருக்கும் சேர்த்தே நாம் கேட்கிறோம்.